சக்கர நாற்காலியில் சிங்கப்பூர்

மீனம்பாக்கம் விமான நிலையத்தில் காலை எட்டு நாற்பதுக்குச் சக்கர நாற்காலி வந்தது. கெடுதல் அப்போதுதான் தொடங்கியது. அதற்கு ஒரு நிமிடம் முன்புவரை, இந்தப் பயணத்துக்கு நான் செய்திருந்த ஏற்பாடுகளை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

எங்களை வழியனுப்பப் புதுச்சத்திரத்திலிருந்து ஒரு வேன் நிறைய உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். ஊரிலிருந்து ஒருவர் கடல் தாண்டிப் போகிறார் என்றால் வேன் வைக்காமல் இருப்பது மரியாதை ஆகாது. விடிய விடிய வேனில் குலுங்கி வந்த களைப்போடு, கையில் மாலைகளும் புளிசோற்றுத் தூக்குகளுமாக நின்றார்கள். நடுவில் என் அய்யன். எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் சொல்வோம். எழுபத்தைந்தைத் தாண்டியவர், புது வேட்டியும் தோளில் துண்டுமாகக் கல்யாண மாப்பிள்ளை போல நின்றார்.

காக்கிச் சட்டை போட்ட ஒருவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து, "நடக்க முடியாத பெரியவரு யாரு சார்?" என்று கேட்டார்.

எங்கள் ஆட்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அப்படி யாரும் கண்ணில் படவில்லை. "இவர்தான்" என்று நான் அய்யனைக் காட்டினேன்.

அய்யன் நாற்காலியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஆருக்கு?" என்றார்.

"உங்களுக்குத்தானுங்கய்யா. சும்மா உக்காருங்க. வரிசையிலே நிக்க வேண்டியதில்லை. சௌகரியமா உள்ளே கூட்டிக்கிட்டுப் போயிருவாங்க."

"நான் எப்படா நொண்டியானேன்?"

குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். நானும் மெதுவாக, "எல்லாரும் பாக்கறாங்க, உக்காருங்கய்யா" என்றேன். எல்லாரும் பார்த்ததால்தான் அவர் உட்கார்ந்தார். ஊரார் முன்னால் மகனோடு வாதாடுகிறவர் இல்லை அவர்.

உட்கார்ந்ததுதான் தாமதம், என் அத்தை பாவாயி கையிலிருந்த மாலையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தது. அய்யனுக்கு ஒரே தங்கை. "அய்யோ, எங்கண்ணா! நேத்து வரைக்கும் நல்லாத்தானே நடந்தே! காலுக்கு என்ன வந்துச்சுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே!" என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதது. மற்றப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பெரியவர் ஒருவரை நாலு பேர் பார்க்கத் தூக்கிக்கொண்டோ தள்ளிக்கொண்டோ போனால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"ஒன்றுமில்லை அத்தை, வரிசையில் நிற்காமல் தப்பிக்க ஒரு வழி, அவ்வளவுதான்" என்று நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் விமான நிறுவனத்து அதிகாரி பக்கத்தில் நின்றார். அவர் காதில் விழுந்தால் நான் சொன்னது பொய் என்று தெரிந்துவிடும். ஆகவே, "போயிட்டு வந்து சொல்றேனுங்க அத்தை" என்றேன். அழுகிறவர்களுக்கு இதைவிட மோசமான பதிலை யோசித்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

நான் உயர்நிலைப்பள்ளியில் கணக்கு வாத்தியார். நடக்காததையெல்லாம் முன்கூட்டியே நினைத்துக் கவலைப்படுவது என் சுபாவம். என் மகள் மல்லிகா கல்யாணமாகிச் சிங்கப்பூரில் இருக்கிறாள். மாப்பிள்ளை செல்வராஜுக்குக் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் வேலை. அப்பாருவுக்கு, அதாவது தன் தாத்தாவுக்குச் சிங்கப்பூரைக் காட்ட வேண்டும் என்று அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். கோடை விடுமுறைக்கு ஒப்புக்கொண்ட நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. அய்யனுக்கு ஒரு தடவை கிணற்றடியில் தலை சுற்றியிருக்கிறது. வரிசையில் நிற்கும்போது மறுபடி சுற்றினால்? எங்கள் பள்ளிச் சரித்திர வாத்தியார்தான் யோசனை சொன்னார்: "நடக்க முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நாற்காலி கொடுத்து ராஜா மாதிரி முதல்லே ஏத்தி உட்கார வைப்பாங்க." சொல்லிவிட்டேன். அய்யனிடம் மட்டும் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. தை மாதம் தவறாமல் பழனிக்கு நடந்தே போய் வருகிறவர் அவர். கால்தான் அவருடைய கௌரவம். நிலத்தைப் பற்றிப் பேசினால்கூட விட்டுக்கொடுப்பார். நடையைப் பற்றிப் பேசினால் விடமாட்டார்.

விமானத்தில் சாப்பாடு வந்தது. பணிப்பெண் குனிந்து அய்யனிடம், "சாப்பிடுகிறீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கேள்வி அவருக்குப் புரிந்தது. "வேண்டாமுங்க" என்று கையை ஆட்டினார். எங்கள் பக்கத்தில் முதல் தடவை கேட்டவுடன் யாரும் தட்டில் கை வைப்பதில்லை. இரண்டாவது தடவை கேட்க வேண்டும், மூன்றாவது தடவை கையைப் பிடித்து உட்கார வைக்க வேண்டும். அந்தப் பெண் ஒரே தடவை கேட்டுவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். அவளைத் திரும்பக் கூப்பிடக் கூச்சப்பட்டுக்கொண்டு நான் மட்டும் சாப்பிட்டேன். அய்யன் ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒருதரம் எந்திரிச்சுப் பாத்ரூம் போயிட்டு வந்துருங்கய்யா" என்றேன்.

"நடக்க முடியாதவன் எப்படிங்க எந்திரிக்கறது, வாத்தியாரே?"

என்னை எப்போதும் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் பெயரைச் சொல்லுவார். 'வாத்தியாரே' என்று, அதுவும் 'ங்க' போட்டு, அன்றுதான் கூப்பிட்டார். இறங்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

சிங்கப்பூர் விமான நிலையத்தில் தரை முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. அங்கே ஒரு மலாய்ப் பெண் நாற்காலியோடு தயாராக நின்றாள். வழியெல்லாம் அவரிடம் ஏதோ பேசிக்கொண்டே தள்ளினாள். சேலம் பஸ் ஸ்டாண்டில் கைப்பிடியைப் பிடிக்கும் முன் விசில் கொடுக்கிற கண்டக்டர்களைப் பார்த்துப் பழகிய எனக்கு, இத்தனை அன்பு எதற்கு என்று சந்தேகமாக இருந்தது. வாசலில் காத்திருந்த மாப்பிள்ளை அவளிடம் கேட்டுத் தமிழில் சொன்னார்: "'எங்கப்பாவை விட நீங்க லேசா இருக்கீங்க, தாத்தா. ஒரு நாள் முழுக்கத் தள்ளுவேன்'ங்கறா." அய்யன் மடியைத் தடவி ஒரு முறுக்கை எடுத்து அவளுக்குக் கொடுத்தார். அவள் அங்கேயே கடித்துத் தின்றாள். எனக்குத்தான் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

மல்லிகாவின் வீடு தோ பாயோவில் ஓர் அடுக்குமாடியின் ஏழாவது தளத்தில். லிப்ட் இருக்கிறது என்று அவள் எழுதியிருந்ததை நம்பி நிம்மதியாக இருந்தேன். அந்த லிப்ட் எல்லாத் தளத்திலும் நிற்காது என்பதை அவள் எழுதவில்லை. ஐந்தாவது தளத்தில் நிற்கும், விட்டால் ஒன்பது.

ஒன்பதில் இறங்கினோம். "ரெண்டு மாடி கீழே இறங்கணுமுங்க" என்றார் மாப்பிள்ளை.

அய்யன் லிப்டை விட்டு ஓரடி வைத்து வெளியே வந்தார். என் பெட்டியைக் கீழே படுக்க வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். "என்னாலே நடக்க முடியாதுன்னு வாத்தியார் சொல்லியிருக்காரு. பொய் சொல்ற ஆளில்லை அவரு" என்றார்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். "கொஞ்சம்... முடியாதுங்க" என்று முனகினேன். மகளைக் கட்டிக் கொடுத்த இடத்தில், வந்து நுழைவதற்குள் மாமனார் பொய்யன் என்று எப்படிக் காட்டிக்கொள்வது?

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் படியேறி வந்தார். அரைக்கால் சட்டையும் பனியனும் போட்ட சீனர், சந்தையில் மீன் விற்கிறவர். அந்தக் கட்டடத்தில் எல்லாரும் அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறார்கள். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு போனவர் ஒரு பிரம்பு நாற்காலியோடு திரும்பி வந்தார். அய்யனை அதில் உட்கார வைத்து, முன்னால் அவரும் பின்னால் மாப்பிள்ளையும் தூக்கினார்கள். சப்பரத்தில் சாமி இறங்குவது போல அய்யன் நேராக நிமிர்ந்து உட்கார்ந்து இறங்கினார். நான் பெட்டியைச் சுமந்துகொண்டு பின்னால் போனேன்.

கீழே வைத்ததும் சீனருக்கு மூச்சு வாங்கியது. கையைத் துடைத்துக்கொண்டு என் தோளைத் தட்டி மலாயில் ஏதோ சொன்னார். "'இந்த நிலைமையிலேயும் அப்பாவை இத்தனை தூரம் கூட்டிக்கிட்டு வந்திருக்கீங்க. நல்ல மகன்'ங்கறாருங்க" என்றார் மாப்பிள்ளை.

நான் நன்றி சொன்னேன். வேறென்ன சொல்வது?

மறுநாளிலிருந்து பார்க்க வேண்டிய இடங்களுக்கு ஒரு பாட அட்டவணையே போட்டு வைத்திருந்தேன். காலையில் ஓர் இடம், நடுப்பகலில் ஓய்வு, மாலையில் காற்று வாங்கக் கடற்கரை. அய்யனுடைய வயதுக்கு ஏற்றபடி அளவாக. அய்யன் வீட்டுக்கு வெளியே நடைக்கூடத்தில் அதே பிரம்பு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "நீங்க போயிட்டு வாங்க, வாத்தியாரே. முடவன் எதுக்கு?" என்றார். மல்லிகா கெஞ்சினாள். "உங்கப்பனைக் கேளு, கண்ணு" என்றார்.

அந்த வாரம் சிங்கப்பூரை நான்தான் பார்த்தேன். மல்லிகாவோடு பறவைப் பூங்காவுக்குப் போனேன். பிறகு அவளுக்கு வீட்டு வேலை இருந்ததால் தனியாகவே சுற்றினேன். கயிற்றில் தொங்கும் வண்டியில் கடலைத் தாண்டினேன். எச்சில் துப்பினால் அபராதம் என்ற பலகையைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே பக்கத்தில் திரும்பினேன். "நம்மூர்லே இது வந்தா அரசாங்கத்துக்கு வேறே வரியே வேண்டாமுங்கய்யா" என்று சொல்ல வாய் எடுத்தால் பக்கத்தில் அய்யன் இல்லை. ஒரு சீனக் கிழவி நின்று என்னை முறைத்துப் பார்த்தாள்.

தேக்கா சந்தையில் தோசை சாப்பிடும்போது பக்கத்து மேசையில் நம் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன்கள் இரண்டு பேர், கட்டட வேலை செய்கிறவர்கள், பேசிக்கொண்டார்கள்.

"அடுத்த வருசம் எங்கப்பாவை இங்கே கூட்டியாந்து காட்டிடணும்டா."

"கூட்டியாந்து எங்கே படுக்க வைப்பே? உன் கட்டிலுக்கு மேலே நான், எனக்கு மேலே முனியன்."

"நான் கீழே படுத்துக்கறேன். அவரு என் கட்டில்லே படுக்கட்டும்."

"உங்கப்பா விடற குறட்டைக்கு நாங்க எல்லாரும் கீழேதான்டா படுக்கணும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். வீட்டில் எல்லா வசதியோடும் உட்கார்ந்திருப்பவரை விட்டுவிட்டு நான் இங்கே சட்னி தொட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று திரும்பும்போது இரட்டைமாடி பஸ்ஸில் எதிர்த்திசையில் ஏறிவிட்டேன். மாடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டே போனதில் ஊரே முடிந்துபோய்க் கடல் வந்துவிட்டது. ஓட்டுநர் மேலே ஏறி வந்து, "இதற்குப் பிறகு பஸ் போகாது ஐயா, கப்பல்தான்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். திரும்பும் வண்டிக்குக் காத்திருந்தபோது நான் போட்ட அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு வரியிலும் 'அய்யனுக்குச் சௌகரியம்' என்றுதான் யோசித்திருக்கிறேன். அய்யனைக் கேட்டு எழுதிய வரி ஒன்றுகூட இல்லை.

வீட்டில் நிலைமை இன்னும் மோசமாகியிருந்தது. மீன்காரச் சீனர் தினமும் சாயங்காலம் அய்யனுக்கு அரிசிக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தார். மேலே வறுத்த நெத்திலி. "நம்மூர்க் கஞ்சியேதான். உப்புத்தான் ஒரு கல்லு கம்மி" என்று அய்யன் கிண்ணத்தை வழித்துக் குடித்தார். ஆனால் அன்று நான் நுழைந்தபோது, சீனர் தரையில் உட்கார்ந்து, ஏதோ பச்சைத் தைலத்தைக் கையில் ஊற்றி அய்யனுடைய முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அய்யன் கண்ணை மூடியிருந்தார். நான் வந்தது தெரிந்ததும் ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தார்.

சீனர் போனதும் நான் அய்யன் பக்கத்தில் உட்கார்ந்தேன். "என்ன பண்ணினா எந்திரிப்பீங்க?"

"ஆர்கிட்டே எல்லாம் எனக்குக் கால் வராதுன்னு சொன்னியோ, அவங்க அத்தனை பேருகிட்டேயும் எங்கய்யன் நடப்பாருன்னு சொல்லோணும். அவ்வளவுதான்."

"அவரு தைலம் போட்டுத் தேய்ச்சிருக்காருங்க. இப்ப எப்படிச் சொல்றது?"

"தேய்க்கறதுக்கு முன்னாலே சொல்லியிருக்கோணும்."

நான் தலை குனிந்திருந்தேன். "வெயிலு, வரிசை... உங்களுக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு பயந்துட்டேனுங்க."

"பயந்தது தப்பில்லை. எங்கிட்டே ஒரு வார்த்தை கேட்டிருந்தா, வரிசைக்கு முன்னாலே போறதுக்கு நான் நொண்டிக்கூடக் காட்டியிருப்பேன். கேக்காமலே காலை ஒடிச்சுட்டியே."

மறுநாள் சாயங்காலம் சீனர் கஞ்சியோடு வந்தார். மாப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னேன். என் அப்பா நன்றாக நடப்பார். வரிசையில் நிற்காமல் இருக்க நான்தான் பொய் சொன்னேன். நீங்கள் தூக்கும்போதும் சொல்லவில்லை. வகுப்பில் முட்டி போட்ட பையன் போல என் குரல் எனக்கே கேட்டது. மாப்பிள்ளை என் முகத்தைப் பார்க்காமல் மொழிபெயர்த்தார். மல்லிகா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள்.

சீனர் என்னைப் பார்த்தார். அய்யனைப் பார்த்தார். சிரிக்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு இரண்டு வார்த்தை சொன்னார். மாப்பிள்ளை தயங்கினார்.

"என்ன சொல்றாரு?"

"'எனக்கு இன்னும் இடுப்பு வலிக்குது'ங்கறாருங்க, மாமா."

அய்யன்தான் முதலில் சிரித்தார். அதைப் பார்த்துவிட்டுச் சீனரும் சிரித்தார். கீழே கடையில் நான் எல்லாருக்கும் காபி வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அய்யன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். லிப்ட் பக்கம் திரும்பவேயில்லை. ஏழு தளத்தையும் படியிலேயே இறங்கிப் போய்க் கீழே நின்றுகொண்டு, "வாங்க வாத்தியாரே, மெதுவா வாங்க" என்று மேலே பார்த்துக் கூப்பிட்டார். நான்தான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினேன்.

பிறகு வந்தவை நல்ல நாட்கள். தோ பாயோவிலிருந்து தேக்காவுக்கு நடந்தே போனோம். சாக்கடை நாற்றமில்லாத சந்தையை அய்யன் நம்பவில்லை. குனிந்து மோந்து பார்த்தார். ஓரிடத்தில் பூமிக்கு அடியில் ரயில் விடுவதற்காகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஊறிவந்த தண்ணீரைப் பம்பு வைத்து வெளியே கொட்டிக்கொண்டிருந்தார்கள். அய்யன் வேலியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றார். "நம்ம பக்கம் ரிக் வண்டி வெச்சு எத்தனை அடி துளைச்சாலும் புழுதிதான் பறக்குது. இங்கே வர்ற தண்ணியை வேண்டாமுங்கறாங்களே" என்றார். கேபிள் கார், பூங்கா எதுவும் அவர் மனதில் நிற்கவில்லை. ஊர் திரும்பும்வரை அந்தப் பள்ளத்தைப் பற்றித்தான் பேசினார்.

ஒருநாள் மல்லிகா, "பாவாயி ஆயாவுக்கு ஒரு கடுதாசி போட்டுருங்கப்பா. ஏர்போர்ட்டுலே அழுதாங்கன்னு சொன்னீங்களே" என்றாள்.

"அது போய்ச் சேர்றதுக்குள்ளே நாங்களே போயிருவோம்" என்றேன்.

திரும்பும் நாள் விமான நிலையத்தில் அதே மலாய்ப் பெண் நாற்காலியோடு வந்தாள். நான் முன்னால் போய், என் அப்பாவால் நடக்க முடியும், நான்தான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று ஆங்கிலத்தில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். அய்யன் பின்னாலிருந்து, "சொல்லிட்டியா?" என்றார்.

"சொல்லிட்டேனுங்க."

"சரி, வா சாமி."

அந்த 'சாமி'யைக் கேட்டதும் எல்லாக் கடனும் தீர்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். விமானத்தில் இரண்டாவது தடவை நானே கேட்டு, மூன்றாவது தடவை தட்டை அவர் கையில் வைத்தேன். முழுவதும் சாப்பிட்டார்.

மீனம்பாக்கத்தில் வேன் நின்றது. அய்யன் கை வீசி நடந்து வெளியே வந்ததும் எங்கள் ஆட்கள் வாயைத் திறந்தபடி நின்றார்கள். வேன் ஓட்டி வந்த என் சித்தப்பா மகன் சின்ராசு, குனிந்து அய்யனுடைய முழங்காலைத் தொட்டுப் பார்த்தான். "ஆப்பரேசன் சுத்தமாப் பண்ணியிருக்காங்களேங்க பெரியப்பா! தழும்பே தெரியலையே!"

"என்ன ஆப்பரேசன்?"

"கால் ஆப்பரேசனுக்குத்தானே அண்ணன் உங்களைச் சிங்கப்பூர் கூட்டிக்கிட்டுப் போனாரு. புதுச்சத்திரம் பூராத் தெரியுமே."

அய்யன் கூட்டத்தைத் தலை எண்ணுவது போலப் பார்த்தார். "பாவாயி எங்கே?"

எல்லாரும் சின்ராசுவைத் திரும்பிப் பார்த்தார்கள். சின்ராசுதான் கடைசியில் சொன்னான். "கோயிலுக்குப் போயிருக்குதுங்க. பழனிக்கு. நடந்து."

"வைகாசியிலேயா?"

"எத்தனையோ சொன்னோமுங்க. 'எங்கண்ணன் இனித் தைக்கு நடக்க முடியாது, அவனுக்குப் பதிலா நான் நடந்துட்டு வாரேன், முருகன் அவனுக்குக் காலைக் கொடுக்கட்டும்'னு கிளம்பிருச்சு. செருப்பும் போட மாட்டேன்னுருச்சு. கத்தரி வெயிலுங்க. பக்கத்து ஊட்டு அக்கா ஒண்ணு தொணைக்குப் போயிருக்குது."

வேனில் யாரும் பாடவில்லை, சீட்டு ஆடவில்லை. நான் பின்னிருக்கையில் உட்கார்ந்திருந்தேன். அத்தைக்கு எழுபது வயது ஆகப்போகிறது. எங்கள் ஊரிலிருந்து பழனி எத்தனை தூரம் என்று எனக்குத் தெரியும். கணக்கு வாத்தியார் இல்லையா. நாமக்கல் தாண்டி எங்கள் பக்கத்து வேலூர்ப் பாலத்துத் தார், கரூர் தாண்டி நிழலே இல்லாத ரோடு, வெறுங்கால். அதற்கு மேல் கணக்குப் போட முடியவில்லை.

வாழப்பாடியில் விடிந்தது. டீக்கு நிறுத்தினார்கள். அய்யன் தம்ளரை வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒருத்தியை விட்டுட்டியே சாமி" என்றார்.

"வந்ததும் சொல்லிடறேனுங்க. கால்லே விழுந்து சொல்லிடறேன்."

"சொல்லோணும்."

புதுச்சத்திரம் போய்ச் சேர்ந்ததும் அய்யன் வீட்டுக்குள் ஒரு வாய்த் தண்ணீர் குடித்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்குப் போய்விட்டார். பஸ் நிற்கிற இடத்துப் பாலத்துத் திட்டில் உட்கார்ந்து நாமக்கல் பக்கமிருந்து வரும் ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்தார். லாரிகள் போகும்போதெல்லாம் புழுதி அவர் மேல் விழுந்தது. சாப்பாட்டை நான்தான் அங்கே கொண்டு போனேன். போகிற வருகிறவர்கள் நின்று, "கால் எப்படிங்க இருக்குது?" என்று விசாரித்தார்கள். எலுமிச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒருவர் ஹார்லிக்ஸ் பாட்டிலே வாங்கி வந்துவிட்டார். ஒவ்வொருவரிடமும் நான் எழுந்து நின்று, "அவருக்குக் காலுக்கு ஒண்ணுமே இல்லீங்க, நான்தான் வரிசைக்குப் பயந்து பொய் சொன்னேன்" என்றேன். சிலர் சிரித்தார்கள். ஒருவர், "வாத்தியாருக்கு அடக்கம் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுப் போனார். யாரும் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் சொல்லச் சொல்ல வாய்க்குப் பழகியது. அத்தையிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்பதும் மனதில் ஒழுங்காகி வந்தது.

அடுத்த நாள் மத்தியானம் ஒரு பஸ் நின்றது. முதலில் துணைக்குப் போன பெண் இறங்கினாள். அவள் கையை நீட்ட, அதைப் பிடித்துக்கொண்டு மொட்டைத் தலையோடு ஒருவர் இறங்கினார். யாரோ கிழவர் என்றுதான் நினைத்தேன். சேலையைப் பார்த்த பிறகே புரிந்தது. தலை முழுக்கச் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. இரண்டு பாதத்திலும் பழந்துணி சுற்றியிருந்தது. துணியின் ஓரம் ஈரமாக, மஞ்சள் பாரித்திருந்தது.

அய்யன் எழுந்து நடந்தார். அத்தை அவர் முகத்தைப் பார்க்கவேயில்லை. அவருடைய கால்களைத்தான் பார்த்தது. ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துகொண்டு, "எங்கே, அந்தப் புளியமரம் வரைக்கும் இன்னொருக்கா நடந்து காட்டு" என்றது.

அய்யன் புளியமரம் வரை போய்த் திரும்பி வந்தார். பழனிக்கு நடக்கும் ஆள், அந்த இருபது முப்பது அடிக்குள் இரண்டு தடவை தடுமாறினார்.

"அட, நல்லாத்தான் நடக்கறே!" என்று அத்தை கை தட்டிச் சிரித்தது. முடி இல்லாமல் அந்தச் சிரிப்பு சின்னப் பிள்ளைச் சிரிப்பாக இருந்தது. "முடி போச்சேன்னு பாக்கறியா? முளைக்கும் போ. காலு முளைக்குமா?"

நான் அத்தையின் முன்னால் மண்டியிட்டேன். சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அய்யனுடைய கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் கண் அத்தையின் பாதத்துத் துணியிலேயே இருந்தது. வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தார்.

அத்தை தன் பையை அவிழ்த்து, வாழையிலையில் கட்டிய பஞ்சாமிர்தத்தைப் பிரித்தது. அய்யன் கையை நீட்டினார். அவர் கையை ஒதுக்கிவிட்டு, ஒரு விரலில் வழித்து என் முகத்துக்கு நேரே கொண்டுவந்தது.

"முதல்லே உனக்குத்தான் சாமி. எங்கண்ணனைத் தள்ளிக்கிட்டுப் போயி நடக்க வெச்சுக் கூட்டியாந்தவன் நீதானே. ஏஞ்சாமி அழுவறே? வாயைத் தொற."